அத்தியாயம் 3: ராஜாக்களின் கேக் – ஒளிப்பதும் பங்கிடுவதும்

பிரான்ஸில் ஜனவரி பிறந்துவிட்டால் எந்த பேக்கரிக்குள் நுழைந்தாலும் ஒரே பண்டம்தான் முன்வரிசையில் இருக்கும்: பொன்னிறமாகச் சுட்ட, மேலே கத்தி நுனியால் வளைகோடுகள் கீறிய, தட்டையான வட்டக் கேக். பக்கத்திலேயே தங்கநிற அட்டைக் கிரீடங்களை அடுக்கி வைத்திருப்பார்கள். இதுதான் 'கலெத் தே ருவா', ராஜாக்களின் கேக். அங்கே குடியேறிய நம் குடும்பங்கள் பலவற்றுக்கு இது முதலில் பிள்ளைகள் வழியாகத்தான் அறிமுகமாகிறது. பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளை தலையில் கிரீடத்தோடு வந்து நிற்கும். அடுத்த வாரம் அலுவலகத்திலும் நம் தட்டில் ஒரு துண்டு விழும். அதற்கடுத்து அண்டை வீட்டார் ஞாயிறு மாலைக்கு அழைப்பார்கள்.

கேக்குக்குள் 'ஃபேவ்' என்ற சிறு பீங்கான் பொம்மை ஒளிந்திருக்கும். அது யார் துண்டில் வருகிறதோ அவர்தான் அன்றைய ராஜா அல்லது ராணி. இந்த விருந்தின் சாரம் இரண்டே காரியத்தில் அடங்கும்: பொம்மையை யாருக்கும் தெரியாமல் ஒளிப்பது, கேக்கை ஒளிவுமறைவில்லாமல் பங்கிடுவது. மாவும் வெண்ணெயும் இதற்குப் பிறகுதான். கேக்கைக் கடையில் வாங்கினாலும் குறைவில்லை. பங்கிடும் முறையை மட்டும் விட்டுவிடாதீர்கள். இந்த அத்தியாயத்தில் வரும் குறிப்புகள் எல்லாமே அந்த முறை பிசகாமல் இருக்கத்தான்.

எப்போது வைப்பது?

நம்மூர்க் கத்தோலிக்கர்கள் மூன்று ராஜாக்கள் திருநாள் என்று கொண்டாடும் ஜனவரி 6-தான் இதன் நாள். குழந்தை இயேசுவைக் காணக் கிழக்கிலிருந்து ஞானிகள் வந்ததன் நினைவு. பிரான்ஸில் அன்று அரசு விடுமுறை இல்லாததால், திருச்சபை அதை ஜனவரி 2-க்கும் 8-க்கும் இடையில் வரும் ஞாயிறன்று கொண்டாடுகிறது. வீடுகளும் அதையே பின்பற்றுகின்றன. ஆனாலும் மாதம் முழுக்கக் கேக் விற்கும், மாதம் முழுக்க விருந்தும் நடக்கும். கோயிலுக்குப் போகாதவர்களும் வேறு மதத்தவர்களும் இதே மேசையில் உட்காருகிறார்கள். உங்களை அழைத்தால் தயங்காமல் போகலாம். நீங்களே அழைக்கவும் செய்யலாம்.

சாப்பாட்டு முடிவில் இனிப்பாகவோ, மாலை நான்கு மணிக்குக் காபியோடு தனியாகவோ வைப்பார்கள். முதல் முறை விருந்து வைப்பவர்களுக்கு மாலை நேரமே சௌகரியம். வயிறு கனமாக இருக்காது. பிள்ளைகளும் தூங்கி வழிய மாட்டார்கள்.

எந்த ஊரில் எந்தக் கேக்?

பாரிஸிலும் நாட்டின் வடபகுதியிலும், அடுக்கடுக்காகப் பிரியும் மாவுக்குள் பாதாம் பூரணம் வைத்த வட்டக் கேக்தான் வழக்கம். நம் பேக்கரி முட்டை பஃப்ஸின் மேலோட்டை நினைத்துக்கொள்ளுங்கள்; அதே அடுக்கு, ஆனால் வெண்ணெய் மட்டும் போட்டது. உள்ளே இருக்கும் பூரணத்துக்கு ஃப்ரான்ஜிபான் என்று பெயர். முறைப்படி அது இரண்டு பங்கு பாதாம் கிரீமும் ஒரு பங்கு கஸ்டர்டு கிரீமும் கலந்தது.

தெற்கே ப்ரோவான்ஸ் பக்கம் போனால் கேக்கே மாறிவிடும். அங்கே பிரியோஷ் என்ற முட்டை, வெண்ணெய் சேர்த்த மிருதுவான ரொட்டியைக் கிரீடம் போல வளையமாகச் சுடுவார்கள். ஆரஞ்சுப் பூ நீரின் மணம் தூக்கலாக இருக்கும். மேலே சர்க்கரைப் பாகில் ஊறிய பழத்துண்டுகளும் கரையாத வெள்ளைச் சர்க்கரைக் கற்களும் பதித்திருப்பார்கள். அப்பகுதிக் கேக் சிலவற்றில் பொம்மையும் இருக்கும், காய்ந்த மொச்சை போன்ற அவரை விதையும் இருக்கும். பொம்மை கிடைத்தவர் ராஜா. விதை கிடைத்தவர் கேக்குக்குக் காசு கொடுக்க வேண்டும். கிழக்கே ஃப்ரான்ஷ்-கொந்தே பகுதியில் ஆரஞ்சுப் பூ நீர் சேர்த்துப் பூரணமே இல்லாமல் சுடும் எளிய வகையும் உண்டு. எந்தப் பகுதியில் இருக்கிறீர்களோ அந்தப் பகுதிக் கேக்கையே வையுங்கள். மர்சேய்க்காரருக்கு ஜனவரி என்றால் வளையம்தான்.

இந்த விதை எங்கிருந்து வந்தது?

ரோமர்களின் சாட்டர்னாலியா விழாவில், உயர்வு தாழ்வுகளைக் கொஞ்ச காலம் ஒதுக்கிவிட்டு விருந்துக்கு ஒரு 'ராஜா'வைக் குலுக்கலில் தேர்ந்தெடுக்கும் வழக்கம் இருந்தது. விதையை வைத்து ராஜாவைத் தேடும் பழக்கத்தின் வேரை அங்கே காண்பவர்கள் பலர். பின்னர் அது கிறிஸ்தவத் திருநாளோடு சேர்ந்துகொண்டது. நெடுங்காலம் கேக்குக்குள் இருந்தது உண்மையான அவரை விதை. விருந்து செலவுக்குப் பயந்து விதையை விழுங்கிவிட்டவர்களின் கதைகளை இன்றும் சொல்வார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பீங்கான் பொம்மைகள் வந்தன, விழுங்குவது நின்றது. இன்று அவற்றைச் சேகரிப்பவர்கள் ஏராளம். லுவார்-அத்லான்தீக் மாவட்டத்தில் உள்ள ப்ளேன் ஊர் அருங்காட்சியகம் இவற்றின் பெரிய தொகுப்பு ஒன்றை வைத்திருக்கிறது.

பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் ராஜா என்ற சொல்லே ஆகாததாயிற்று. அப்போதும் மக்கள் கேக்கை விடவில்லை. சமத்துவக் கேக் என்று பெயரை மாற்றிச் சாப்பிட்டார்கள். இன்றும் அதிபர் மாளிகையான எலிசேவுக்கு ஆண்டுதோறும் பேக்கரிக்காரர்கள் பிரமாண்டமான கேக் ஒன்றைக் கொண்டுபோகிறார்கள். வலேரி ஜிஸ்கார் தெஸ்தேன் அதிபராக இருந்த 1975-இல் தொடங்கிய வழக்கம் இது. அந்தக் கேக்குக்குள் மட்டும் பொம்மை கிடையாது, கிரீடமும் கிடையாது. குடியரசின் தலைவர் ராஜாவாகிவிடக் கூடாதல்லவா! மற்ற மேசைகளில் யார் வேண்டுமானாலும் ராஜா ஆகலாம்.

கடையில் வாங்குவதென்றால்

• நாலு பேர், ஆறு பேர், எட்டுப் பேர் என்று ஆள் கணக்கில் விற்பார்கள். வருகிறவர்களோடு ஒரு பங்கு கூட்டிச் சொல்லுங்கள். ஏன் என்பது கீழே வரும்.

• 'பூர் பேர்' என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். வெண்ணெய் மட்டும் சேர்த்தது என்று பொருள். இல்லையென்றால் மார்ஜரின் கலந்திருக்கலாம். வாயில் கொழுப்புப் படலம் தங்கிவிடும்.

• பூலான்ஜெரி என்ற பெயர்ப்பலகையை 1998-ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாக்கிறது. ஆனால் அந்தப் பாதுகாப்பு அங்கேயே பிசைந்து சுட்ட ரொட்டிக்குத்தான். கேக் வெளியிலிருந்து உறைநிலையில் வந்ததாகவும் இருக்கலாம். "இங்கேயே செய்ததா?" என்று கேளுங்கள். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

• ஓரத்தைப் பாருங்கள். அடுக்குகள் தனித்தனியாக எழும்பியிருக்க வேண்டும். அடிப்பக்கமும் நன்றாகச் சிவந்திருக்க வேண்டும். வெளுத்த அடி என்றால் மாவு வேகவில்லை.

• முட்டை சாப்பிடாதவர்கள் கவனிக்க: ஃப்ரான்ஜிபானில் முட்டை கட்டாயம் உண்டு. மேலே பூசுவதும் மஞ்சள் கருதான். பல கடைகளில் ரம்மும் சேர்ப்பார்கள். பாதாம் ஒவ்வாமை உள்ளவர் விருந்தில் இருந்தால் ஆப்பிள் கூழ் வைத்த வகையைத் தேடலாம். அதே அடுப்படியில் பாதாமும் புழங்கும் என்பதால் விசாரித்துவிட்டே வாங்குங்கள்.

• முதல் ஞாயிறுக்கு வேண்டுமென்றால் இரண்டு மூன்று நாள் முன்பே சொல்லி வையுங்கள். கிரீடம் இரண்டு கேட்டு வாங்குங்கள்.

வீட்டில் செய்வதென்றால் (8 பங்கு)

தேவையானவை: வட்டமாக உருட்டி விற்கும் வெண்ணெய் பஃப் மாவு 2 தாள், பாதாம் பொடி 100 கிராம், சர்க்கரை 100 கிராம், அறை வெப்பத்தில் இளகிய வெண்ணெய் 100 கிராம், சிறிய முட்டை 2, உப்பு ஒரு சிட்டிகை, ஆரஞ்சுப் பூ நீர் அல்லது ரம் 1 மேசைக்கரண்டி. பூசுவதற்கு ஒரு மஞ்சள் கருவும் ஒரு தேக்கரண்டி பாலும். பளபளப்புக்குச் சர்க்கரையும் தண்ணீரும் 2 மேசைக்கரண்டி வீதம். பீங்கான் பொம்மை ஒன்று.

கஸ்டர்டு கிரீம் இங்கே சேர்க்கவில்லை. வீடுகளில் பாதாம் கிரீம் மட்டும் வைத்துச் செய்வது சகஜம். சுவையும் அழுத்தமாக இருக்கும்.

1. வெண்ணெயையும் சர்க்கரையையும் கரண்டியால் குழையுங்கள். நுரைக்க அடிக்க வேண்டாம். காற்று புகுந்தால் ஓவனில் பூரணம் பொங்கி ஓரத்தைப் பிளந்துகொண்டு வெளியே வரும். முட்டையை ஒவ்வொன்றாகச் சேர்த்து, பிறகு பாதாம் பொடி, உப்பு, மணத்துக்கானது. மூடி ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள், பரப்பும்போது ஓடாது.

2. முதல் தாளைப் பேக்கிங் காகிதத்தின் மேல் விரியுங்கள். ஓரத்தில் இரண்டு விரல் அகலம் விட்டு நடுவில் பூரணத்தைப் பரப்புங்கள். விட்ட ஓரத்தில் விரலால் தண்ணீர் தடவுங்கள். சொட்டக் கூடாது, ஈரம் போதும்.

3. பொம்மையைப் பூரணத்தின் விளிம்புக்கு அருகில் பதியுங்கள். நடுவில் வைத்தால் எல்லா வெட்டும் அங்கேதான் சந்திக்கும். கத்தி முதல் வெட்டிலேயே அதைத் தட்டிவிடும்.

4. இரண்டாவது தாளைக் கால் சுற்றுத் திருப்பி மேலே போர்த்துங்கள். உருட்டிய திசையில் மாவு சுருங்கும் என்பதால், இப்படித் திருப்பி வைத்தால் கேக் கோணாமல் வட்டமாக நிற்கும். நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் தடவிக் காற்றை வெளியேற்றி ஓரத்தை அழுத்துங்கள்.

5. முழுவதையும் கவிழ்த்துத் தட்டில் வையுங்கள். சமமான அடிப்பக்கம் மேலே வரும்; கோடு கீற வாகாக இருக்கும். கத்தியின் முதுகால் ஓரம் சுற்றிலும் சிறு பள்ளங்கள் இடுங்கள். அலங்காரத்தோடு ஒட்டும் பலப்படும்.

6. மஞ்சள் கருவைப் பாலோடு கலந்து மேற்பரப்பில் மெல்லியதாகப் பூசுங்கள். பக்கவாட்டில் வழிய விடாதீர்கள். வழிந்தால் அடுக்குகள் ஒட்டிக்கொண்டு எழும்பாது. அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து, எடுத்து இன்னொரு முறை பூசுங்கள்.

7. நடுவில் ஒரு சிறு துளை இடுங்கள். ஆவி வெளியேற வழி. அங்கிருந்து ஓரத்தை நோக்கி வளைகோடுகளைக் கத்தி நுனியால் கீறுங்கள். மாவின் தோலைத் தொட்டால் போதும், அறுபடக் கூடாது.

8. 200 டிகிரி சூட்டில் 10 நிமிடம், பிறகு 180-இல் 30 முதல் 35 நிமிடம். நிறம் தேன் போல ஆழமாக வரும்வரை விடுங்கள். மஞ்சளாக இருக்கும்போதே எடுத்துவிடும் அவசரம்தான் பலருக்கும் வரும். உள்ளடுக்கு பச்சை மாவாகவே இருந்துவிடும்.

9. ஓவனிலிருந்து எடுத்ததும் கொதிக்கவைத்த சர்க்கரைத் தண்ணீரைத் தூரிகையால் தடவுங்கள். சூட்டில் அது நொடியில் காய்ந்து கண்ணாடி போல மின்னும். கால் மணி நேரம் ஆறவிட்டு வெட்டுங்கள்.

மாவையும் நீங்களே செய்ய விரும்பினால் முந்தின நாளே தொடங்குங்கள். மாவுக்குள் வெண்ணெயை மடித்து, நீளமாக உருட்டி, மூன்றாக மடிப்பது ஒரு சுற்று. ஆறு சுற்று வந்தால் உள்ளே வெண்ணெய் 729 அடுக்காகிவிடும். இரண்டு சுற்றுக்கு ஒருமுறை அரை மணி நேரமாவது குளிரில் ஓய்வு கொடுங்கள். மாவும் வெண்ணெயும் விரலால் அழுத்தினால் ஒரே பதத்தில் அமுங்க வேண்டும். ஒன்று இறுகி இன்னொன்று இளகினால் அடுக்கு கிழியும்.

பொம்மை பற்றிய எச்சரிக்கைகள்

பிளாஸ்டிக் பொம்மை ஓவனில் உருகும், வைக்கவே கூடாது. சாயம் பூசிய அலங்காரப் பொருள்களும் வேண்டாம். உணவுக்கென விற்கும் பீங்கான் பொம்மையே பாதுகாப்பானது. கையில் இருப்பது சூடு தாங்குமா என்ற சந்தேகம் வந்தால், கேக் வெந்து ஆறியதும் அடிப்பக்கத்தில் சிறு கீறல் போட்டு உள்ளே செருகிவிடுங்கள்.

வெட்டுவதற்கு முன், "உள்ளே பீங்கான் இருக்கிறது, மெதுவாகக் கடியுங்கள்" என்று எல்லாரிடமும் சொல்லுங்கள். சின்னக் குழந்தைகளுக்கும் பல் கட்டிய முதியவர்களுக்கும் துண்டைக் கையால் பிய்த்துப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

பங்கிடும் முறை

முதலில் கேக்கின் இடத்தை மாற்றுங்கள். சுட்டவருக்குப் பொம்மை எங்கே என்று ஓரளவு தெரியும். அதனால் அவர் அறையை விட்டுப் போனதும் வேறொருவர் தட்டை இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி வைக்க வேண்டும்.

அடுத்து, எண்ணிக்கை. இருப்பவர்களோடு ஒரு பங்கு கூடுதல். இதை ஏழையின் பங்கு என்பார்கள். முன்பு, கதவைத் தட்டும் முதல் ஏழைக்கென்று எடுத்துவைத்த துண்டு. இன்று அதை வர முடியாமல் போனவருக்கோ, தனியாக இருக்கும் அண்டை வீட்டாருக்கோ அனுப்புங்கள். இந்தப் பங்கை வெட்டாத வீடுகள் இப்போது அதிகம். நீங்கள் வெட்டுங்கள். அந்தத் துண்டிலேயே பொம்மை போய்விட்டால் கிரீடமும் அவருக்கே போகட்டும்.

வெட்டுவது வீட்டின் மூத்தவர். எட்டுப் பங்கு என்றால் பாதி, கால், அரைக்கால். ஒன்பது என்றால் முதலில் மூன்று, பிறகு ஒவ்வொன்றையும் மூன்று. ஏழு என்று வந்தால் எட்டாக வெட்டி மிச்சத்தைப் பிறகு எல்லாரும் பகிரலாம். கத்தி எங்காவது 'டக்' என்று தட்டினால் முகத்தில் எதையும் காட்டாமல் அரை விரல் நகர்த்தி வெட்டுங்கள்.

இனிதான் முக்கியமான கட்டம். மேசையில் இருப்பவர்களிலேயே இளையவர் மேசைக்கு அடியில் போக வேண்டும். வயது நாலாக இருந்தாலும் சரி, நாற்பதாக இருந்தாலும் சரி. மூத்தவர் ஒரு துண்டைக் கத்தியால் தூக்கிப் பிடித்து, "இது யாருக்கு?" என்று கேட்பார். மேசை விரிப்புக்குக் கீழிருந்து பதில் வரும்.

பாரிஸின் புறநகர் வீடு ஒன்றில் நான் பார்த்தது இது. ஐந்து வயதுப் பேத்தி கீழே உட்கார்ந்திருக்கிறாள். விரிப்பின் ஓரத்தில் அவள் காலுறை மட்டும் தெரிகிறது. தாத்தா துண்டைத் தூக்கிக் கேட்கிறார். "பாட்டிக்கு!" அடுத்தது? "மாமாவுக்கு!" அடுத்தது? கொஞ்சம் மௌனம். "எனக்கு!" மேசையில் எல்லாரும் சிரித்தார்கள். அன்றைக்கு முதல்முறையாக அந்த வீட்டுக்கு வந்திருந்த விருந்தாளியின் பெயர் அவளுக்குத் தெரியவில்லை. "பச்சைச் சட்டை போட்ட அங்கிளுக்கு!" என்று கத்தினாள். அதுவரை மேசையின் ஓரத்தில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்த மனிதர் அதற்குப் பிறகு எல்லாரோடும் கலகலப்பாகிவிட்டார்.

பெரிய துண்டு யாருக்கு, பொம்மை யாருக்கு என்பதை அப்பாவின் செல்வாக்கோ விருந்தாளியின் அந்தஸ்தோ தீர்மானிக்க முடியாது. பார்க்க முடியாத ஒரு குழந்தை தீர்மானிக்கிறது. ஆகவே எல்லாருக்கும் துண்டு வரும்வரை யாரும் முள்கரண்டியை எடுக்கக் கூடாது; பக்கவாட்டில் எட்டிப் பார்க்கக் கூடாது; துண்டை மாற்றிக்கொள்ளவும் கூடாது.

குழந்தைக்கே பொம்மை போகும்படி பெரியவர்கள் தந்திரம் செய்வதுண்டு. அன்பினால் செய்வதுதான், ஆனாலும் வேண்டாம் என்பேன். நாலு வயதுக்கு மேல் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள். கண்டுபிடித்த பிறகு கிரீடத்துக்கு மதிப்பில்லை. சின்னவர்கள் நிறையப் பேர் இருந்தால் இரண்டு சிறிய கேக் வாங்குங்கள். ராஜாவுக்கு வாய்ப்பு இரட்டிக்கும்.

ராஜாவின் கடமைகள்

பொம்மை கிடைத்தவர் உடனே சொல்லிவிட வேண்டும். "ஜே லா ஃபேவ்!" என்று கூவினால் போதும். கிரீடத்தை அவர் தலையில் வைப்பது குழந்தைகளின் உரிமை. அவர் தனக்கு ராணியையோ ராஜாவையோ தேர்ந்தெடுத்து இரண்டாவது கிரீடத்தைச் சூட்டுவார். அவர் கோப்பையைத் தூக்கும்போது மேசை முழுவதும், "ராஜா குடிக்கிறார்!" என்று முழங்குவது பழைய வழக்கம். ஃப்ளெமிஷ் ஓவியர் யாக்கோப் யோர்டான்ஸ் பதினேழாம் நூற்றாண்டில் இந்த ஆரவாரத்தைத் திரும்பத் திரும்ப வரைந்திருக்கிறார். கோப்பையில் பெரியவர்களுக்கு ஆப்பிள் சைடர் அல்லது நுரைக்கும் வைன் இருக்கும். பிள்ளைகளுக்கும் மது தொடாதவர்களுக்கும் ஆப்பிள் சாறு ஊற்றுங்கள்; இந்தக் கேக்கோடு அது அருமையாகச் சேரும்.

விருந்தாளியாகப் போகிறவர்கள் ஒரு பாட்டில் சைடரோ சாறோ கொண்டுபோகலாம். கேக் கொண்டுபோவதென்றால் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். ஒரே மேசையில் மூன்று கேக் வந்து நின்ற விருந்துகள் உண்டு.

மீந்த கேக்கை மைக்ரோவேவில் வைக்காதீர்கள், அடுக்கு தொய்ந்துவிடும். 150 டிகிரி ஓவனில் பத்து நிமிடம் வைத்தால் முறுமுறுப்பு திரும்பும். சுடாத கேக்கை உறைய வைத்துப் பின்னர் சுடவும் செய்யலாம்.

கடைசியாக, ராஜாவின் பெரிய கடமை: அடுத்த கேக் அவர் செலவு. அலுவலகங்களில் ஜனவரி முழுக்க வாரம் ஒரு கேக் வருவதன் ரகசியம் இதுதான். ஒரு முறை அழைக்கப்பட்டவர் அடுத்த முறை அழைப்பவராகிறார். புதிதாக வந்தவரும் இரண்டு வாரத்தில் விருந்து வைப்பவராகிவிடுகிறார். ஆகவே கிரீடம் சூடியவர் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்புவதற்கு முன் அடுத்த ஞாயிறு எந்த வீடு, எத்தனை மணி என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பிப்ரவரி 2-ஆம் தேதி ஷான்தலர் வந்துவிடும். அன்று மேசையில் க்ரெப் தோசைகளுக்குத்தான் இடம். அவற்றை அடுத்த அத்தியாயத்தில் சுடுவோம்.